திரைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு டேப் கணக்கு



ஆண்டு மலர் என்றாலே நட்பு, தாய், தன்னம்பிக்கை ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நம்ம காலேஜில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. நான் எடுத்துக்கொண்டிருப்பது கம்ப்யூட்டர் கேம். "ஆரம்பிச்சுட்டான்டா!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கேம் விளையாடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை, விளையாடாதீர்கள் என்று உபதேசம் செய்யவும் வரவில்லை. திரை என்ன வடிவத்தில் இருக்கிறது, அந்தத் திரைக்குள் கேம் எத்தனை டிகிரி உலகத்தைக் காட்டுகிறது, இந்த இரண்டும் பொருந்தாமல் போனால் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். இது தெரியாததால் என் நண்பன் ஒருவன் தனக்கு மூளையிலேயே ஏதோ கோளாறு என்று இரண்டு மாதம் பயந்துகொண்டிருந்தான். அவன் கதையும் வருகிறது.

எம்-1 பாஸ் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும். அரியர் வைத்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். டேன் தீட்டாவை நாலு தடவை படிச்சிருப்பீங்க இல்லையா!

இரண்டு பதினாலு அங்குலம்

எங்கள் வீட்டில் அரசாங்கம் கொடுத்த பொருட்கள் இரண்டு உண்டு. ஒன்று, 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் பாட்டிக்குக் கிடைத்த டிவி. இன்னொன்று, 2011 செப்டம்பரில் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்ட இலவச லேப்டாப் திட்டத்தில், பின்னால் ஒரு வருஷம் அண்ணனுக்குக் கிடைத்த லேப்டாப். டிவி இப்போது ஓடுவதில்லை. அதன் மேல் சாமி படம் இருக்கிறது. லேப்டாப் என்னிடம் வந்துவிட்டது.

இரண்டுமே 14 அங்குலம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் ஒரே அளவு என்று சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளப்பது. டிவியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3. கணக்குப்படி அகலம் 28.5 செ.மீ., உயரம் 21.3 செ.மீ. லேப்டாப்பின் விகிதம் 16:9. அகலம் 31 செ.மீ., உயரம் 17.4 செ.மீ. அகலத்தில் இரண்டரை செ.மீ. லாபம், உயரத்தில் ஏறக்குறைய நாலு செ.மீ. நஷ்டம். பரப்பளவு போட்டுப் பார்த்தால் பாட்டியின் டிவி 607 சதுர செ.மீ., அண்ணனின் லேப்டாப் 540 சதுர செ.மீ.

அஞ்சு வருஷ இடைவெளியில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் இரண்டு வடிவத் திரைகள் வந்து சேர்ந்தன. பழைய வடிவத்துக்காகச் செய்த படத்தைப் புது வடிவத்தில் போட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு முதலில் பதில் தேடியவர்கள் கேம் செய்தவர்கள் இல்லை, சினிமாக்காரர்கள்.

ராஜராஜ சோழன் காலத்துப் பிரச்சனை

தஞ்சாவூர் ராஜராஜனைச் சொல்லவில்லை, 1973-ல் வந்த சிவாஜி படத்தைச் சொல்கிறேன். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்'. உலகத்தில் இந்த முறையில் வெளிவந்த முதல் படம் 1953-ல் அமெரிக்காவில் வந்த 'தி ரோப்'. சினிமாஸ்கோப்பில் உயரம் 1 என்றால் அகலம் 2.35. இவ்வளவு அகலமான காட்சியைச் சாதாரண பிலிமில் எப்படி அடக்கினார்கள்? கேமராவில் ஒரு விசேஷ லென்ஸ் போட்டு, அகலத்தை மட்டும் பாதியாக நசுக்கிப் பதிவு செய்தார்கள். பிலிமைக் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாரும் ஒல்லியாக, உயரமாக இருப்பார்கள். தியேட்டர் புரொஜெக்டரில் அதற்கு எதிர் லென்ஸ் போட்டு இரண்டு மடங்கு விரித்தார்கள். நசுக்கியதும் இரண்டு, விரித்ததும் இரண்டு. அதனால் அம்பத்தூர் ராக்கியிலோ முருகனிலோ பெரிய திரையில் படம் பார்த்த யாருக்கும் ஹீரோ குண்டாகத் தெரிந்ததில்லை.

அதே படம் 4:3 டிவிக்கு வந்தபோதுதான் தகராறு. வழி இரண்டுதான். முழுப் படத்தையும் காட்டணும் என்றால் மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை விடணும். பாட்டியின் டிவி கணக்கில், 21.3 செ.மீ. உயரத்தில் படத்துக்குக் கிடைப்பது 12 செ.மீ. மட்டுமே. "பட்டை வேண்டாம், திரை நிறையணும்" என்றால் இரண்டு ஓரத்தையும் வெட்டணும். அப்போது நூற்றுக்கு 43 பங்கு படம் காணாமல் போகும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில், பாதி நேரம் ஒருத்தர் மூக்கு மட்டும் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

சினிமா ஏற்கெனவே எடுத்து முடித்த படம். அதனால் வெட்டுவது அல்லது பட்டை விடுவது தவிர வேறு வழியில்லை. கேம் அப்படி இல்லை. அது நீங்கள் பார்க்கும் அந்த நொடியில்தான் வரையப்படுகிறது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் உலகத்தைச் சேர்த்து வரைய அதனால் முடியும். அங்கேதான் கோணம் வருகிறது.

ஜன்னல் சீட்டுக் கணக்கு

அரக்கோணம் லைன் லோக்கல் ரயிலில் வருகிறவர்கள் இதைத் தினமும் பார்க்கிறீர்கள். அன்னனூர் தாண்டும்போது ஜன்னலை விட்டுத் தள்ளி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தால் வெளியே ஒரு துண்டு மட்டும் தெரியும். ஜன்னல் சீட்டுக்கு மாறினால் தண்டவாளம், சிக்னல், ஷெட்டில் நிற்கும் வண்டிகள் என்று எல்லாமே தெரியும். ஜன்னல் பெரிதாகவில்லை. நாம் கிட்டே போனதால் கோணம் விரிந்தது. இந்தக் கோணத்துக்குப் பெயர் பார்வைக் கோணம். கேம் ஆடுபவர்கள் எஃப்.ஓ.வி. என்பார்கள்.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். திரை அகலத்தில் பாதியை, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் வகுங்கள். அதற்கு டேன் இன்வர்ஸ் போடுங்கள். இரண்டால் பெருக்குங்கள். 18.5 அங்குல அகலத்திரை மானிட்டர் 41 செ.மீ. அகலம் இருக்கும். 60 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்தால் கோணம் ஏறக்குறைய 38 டிகிரி. ஹாலில் மாட்டியிருக்கும் 43 அங்குல டிவியை 8 அடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் 22 டிகிரிதான். இரண்டு கண்ணாலும் நாம் பக்கவாட்டில் பார்க்கக்கூடியதோ ஏறக்குறைய 200 டிகிரி!

ஆகவே நம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஜன்னல் மிகச் சின்னது. அந்தச் சின்ன ஜன்னலுக்குள் கேம் இன்னொரு கோணத்தைத் திணிக்கிறது. 1999-ல் வந்த 'க்வேக் 3 அரீனா'வில் அந்தக் கோணம், நாம் மாற்றாதவரை, 90 டிகிரி. 38 டிகிரி ஜன்னலுக்குள் 90 டிகிரி உலகம். அதனால்தான் கேமில் எதிரே இருக்கும் ஆள் நிஜத்தில் தெரிய வேண்டியதை விடச் சின்னதாகத் தெரிகிறான். இது தப்பில்லை. ஓரத்தில் வருகிறவனைப் பார்க்க வேண்டுமே, அதற்காகக் கொடுக்கும் விலை.

தூரத்து சோபாவில் உட்கார்ந்து ஆடுபவருக்காகச் செய்த டிவி கேம்களில் கோணம் பெரும்பாலும் குறுகலாக இருக்கும். அதே கேமை மேஜையில், மூக்குக்கு முன்னால் மானிட்டரை வைத்து ஆடினால் சிலருக்குக் குழாய்க்குள் பார்ப்பது மாதிரி இருக்கும், தலை சுற்றும். கேமில் கோணத்தை மாற்றும் வசதி வேண்டும் என்று உலகம் முழுக்க விளையாடுகிறவர்கள் சண்டை பிடிப்பது இதனால்தான்.

இழு, வெட்டு, சேர்

4:3-க்குச் செய்த கேமை 16:9 திரையில் போட்டால் நடக்கக்கூடியது மூன்று.

முதலாவது, இழுப்பது. 4:3 படத்தை அப்படியே பக்கவாட்டில் இழுத்துத் திரையை நிரப்புவது. எல்லாமே 1.33 மடங்கு குண்டாகிவிடும். சினிமாஸ்கோப்பில் நசுக்கிவிட்டு விரித்தார்கள். இங்கே நசுக்காமலே விரிக்கிறோம். ஆனாலும் போட்டிக்கு ஆடுபவர்களில் பலர் வேண்டுமென்றே இப்படி வைத்துக்கொள்வார்கள். எதிரி குண்டாகத் தெரிந்தால் குறி வைக்க வசதி என்பது அவர்கள் வாதம். எதிரி பக்கவாட்டில் ஓடும் வேகமும் திரையில் அதே 1.33 மடங்கு கூடிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கணும்.

இரண்டாவது, வெட்டுவது. பக்கவாட்டுக் கோணம் 90 என்று அப்படியே இருக்கும். அகலத்தை நிரப்பப் படம் பெரிதாகும், மேலேயும் கீழேயும் வெட்டுப்படும். 4:3-ல் மேலிருந்து கீழே 74 டிகிரி தெரிந்தது, 16:9-ல் 59 டிகிரியாகச் சுருங்கிவிடும். பெரிய திரை வாங்கியவன் குறைவாகப் பார்ப்பான்! 2007-ல் 'பயோஷாக்' என்ற கேம் வந்தபோது நடந்தது இதுதான். அகலத்திரை வைத்திருந்தவர்கள், பழைய சதுரத் திரைக்காரர்களை விடத் தங்களுக்குக் குறைவாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்துக் கொதித்துப் போனார்கள். பிறகு கம்பெனி அதை மாற்றிக்கொள்ள வழி செய்து கொடுத்தது.

மூன்றாவது, சேர்ப்பது. மேல் கீழ் கோணம் 74 டிகிரி அப்படியே இருக்கும். பக்கவாட்டில் மட்டும் உலகம் கூடும். 45 டிகிரியின் டேன் 1. அதை 4:3-க்குரிய 1.333-ஆல் வகுத்து, 16:9-க்குரிய 1.778-ஆல் பெருக்குங்கள். 1.333 வரும். அதன் டேன் இன்வர்ஸ் 53. இரண்டு பக்கமும் சேர்த்து 106 டிகிரி. யாரும் குண்டாகவில்லை, எதுவும் வெட்டுப்படவில்லை. 2012-ல் வந்த 'கவுன்டர் ஸ்டிரைக் குளோபல் அபென்ஸிவ்' இந்த வழிதான். 4:3-ல் 90, 16:9-ல் 106.

செல்போனில் ஆடுகிறவர்களுக்கும் இது புதிதில்லை. பப்ஜி 2020 செப்டம்பரில் தடையாகி, 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்த பிறகும் நம்ம பசங்க வாயில் அடிபட்ட சொல் 'ஐபேட் வியூ'. நீளமான போனில் தெரியாத மேல் கீழ் பகுதி, 4:3 வடிவ ஐபேடில் தெரியும். புல்லுக்குள் படுத்திருப்பவனை அவன் முதலில் பார்க்கிறான் என்றால், அவன் கண் கூர்மை மட்டும் காரணமில்லை.

லேப்பில் நடந்த பஞ்சாயத்து

இப்போது நம்ம கதைக்கு வருகிறேன். டிபார்ட்மென்ட் விழாவில் கேம் போட்டி உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். லேப் கம்ப்யூட்டர்கள் பழசு என்பதால் 2003-ல் வந்த 'கவுன்டர் ஸ்டிரைக் 1.6'-தான் ஓடும். பன்னிரண்டு கம்ப்யூட்டரில் ஆறுக்கு 17 அங்குல சதுர மானிட்டர், சரியாகச் சொன்னால் 5:4. ஆறுக்கு 18.5 அங்குல அகல மானிட்டர். யாருக்கு எந்த சீட் என்று சீட்டுக் குலுக்குவார்கள். அகல மானிட்டர் வந்தவன் சிரிப்பான், சதுர மானிட்டர் வந்தவன் தலையில் கை வைப்பான். ஒரு வருஷம் தோற்ற டீம், "எங்களுக்கு டப்பா மானிட்டர் குடுத்து ஏமாத்திட்டாங்க" என்று கிளம்பி, வாய்ச்சண்டை கேன்டீன் வரைக்கும் போனது.

அடுத்த வருஷம் லேப் செட்டப் செய்யும் வேலை எனக்கு வந்தது. முதல் நாள் சாயங்காலம் இரண்டு மானிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தில், ஒரே சுவரைப் பார்த்து நின்றேன். பக்கவாட்டு எல்லை இரண்டிலும் ஒன்றுதான்! ஆனால் சதுர மானிட்டரில் கூரையும் தெரிந்தது, காலடியில் இருந்த படியும் தெரிந்தது. அகல மானிட்டரில் இரண்டும் வெட்டு. 1.6-ல் பக்கவாட்டுக் கோணம் 90 என்று பூட்டியிருப்பதால், 5:4-ல் மேல் கீழ் 77 டிகிரி, 16:9-ல் 59 டிகிரி. எல்லாரும் வேண்டிக்கொண்ட சீட்தான் மாடியில் நிற்பவனைக் காட்டாத சீட்!

அதற்காகச் சதுர மானிட்டருக்கே ஆதாயம் என்றும் சொல்லிவிட முடியாது. அதே 90 டிகிரியை அகல மானிட்டர் 41 செ.மீ.யில் காட்டுகிறது, சதுர மானிட்டர் 34 செ.மீ.யில் காட்டுகிறது. அகலத்தில் ஆள் கொஞ்சம் பெரிசாகத் தெரிவான். ஒருத்தனுக்கு மேல் கீழ் லாபம், இன்னொருத்தனுக்கு ஆள் அளவு லாபம். மொத்தத்தில் இரண்டு பேரும் ஒரே ஆட்டம் ஆடவில்லை என்பதுதான் உண்மை.

செய்தது இதுதான். எல்லா மெஷினையும் 1024-க்கு 768 என்று 4:3-ல் வைத்தேன். திரையை நிரப்பாமல் விகிதத்தைக் காப்பாற்றும்படி செட்டிங்கை மாற்றினேன். சதுர மானிட்டரில் மேலேயும் கீழேயும் மெல்லிய கருப்புப் பட்டை வந்தது. அகல மானிட்டரில் இரண்டு பக்கமும் தடித்த பட்டை. இப்போது எல்லாருக்கும் பக்கவாட்டில் 90, மேல் கீழ் 74. படத்தின் அகலம் சதுரத்தில் 33.7 செ.மீ., அகலத்திரையில் 30.7 செ.மீ. அந்த மூன்று செ.மீ.யையும் ஏன் விடணும்? சதுர மானிட்டருக்கு நாற்காலி 60 செ.மீ. தூரம், அகலத்திரைக்கு 55 செ.மீ. என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். கண்ணுக்கு விழும் கோணமும் சமமாகிவிட்டது.

மறுநாள் காலையில் வந்தவர்கள் பார்த்ததும் கத்தினார்கள்.

"இன்னாடா இது, பெரிய மானிட்டர்ல ரெண்டு பக்கமும் தார் பூசி வெச்சிருக்க?"

"மச்சி, இது அம்பத்தூர் எஸ்டேட்ல இன்ஸ்பெக்ஷன் பண்ற மாதிரி இருக்குடா. நாற்காலிக்கு எல்லாமா டாலரன்ஸ்?"

இரண்டு மெஷினிலும் ஒரே இடத்தில் நிற்க வைத்துக் காட்டினேன். பழைய செட்டிங்கையும் போட்டுக் காட்டினேன். மாடியில் நிற்கும் ஆளின் தலை அகலத்திரையில் காணாமல் போனதைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. "அப்ப போன வருஷம் நான் செத்தது இதனாலதானா!" என்று ஒருத்தன் பழைய தோல்விகளுக்கெல்லாம் கணக்குப் போட ஆரம்பித்தான். போட்டி நடந்தது, ஜெயித்தவன் ஜெயித்தான். தோற்றவர்கள் யாரும் மானிட்டரைக் குறை சொல்லவில்லை. சொல்வதற்கு வழியில்லை!

பட்டாபிராம் நண்பன்

எங்கள் செட்டில் எல்லாரையும் ஸ்டேஷன் பெயரால்தான் கூப்பிடுவோம். கொரட்டூர், திருநின்றவூர், செவ்வாப்பேட்டை என்று. அதில் பட்டாபிராம் நல்லா ஆடுகிறவன். திடீரென்று "நான் டீம்ல இல்லடா" என்றான். காரணம் சொல்லவில்லை. ரொம்ப நாள் நச்சரித்த பிறகு, ரயில் கதவோரம் நிற்கும்போது சொன்னான். கேம் ஆட உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் தலை சுற்றுகிறதாம், இரண்டு தடவை வாந்தியும் எடுத்துவிட்டானாம்.

இதில் என்ன இருக்கிறது, கேமை விட்டால் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். அவன் கவலை கேம் இல்லை. அவனுக்கு ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. டிப்ளமோ சேர்ந்ததே அந்தப் பரீட்சை எழுதத்தான். அந்த வேலைக்கு மருத்துவப் பரிசோதனையில் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6 இருக்க வேண்டும். "ஸ்கிரீன்ல ஓடுற வழியைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது. நிஜ தண்டவாளத்தைப் பார்த்துட்டு எட்டு மணி நேரம் எப்படிடா உட்காருவேன்?" என்று கேட்டான். வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா உடைந்து போவார் என்று பயம்.

பூந்தமல்லியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கண்ணும் 6/6. "கண் நல்லா இருக்கு. கேம் ஆடும்போது மட்டும் வருதுன்னா அது பஸ்ல வாந்தி வர்ற மாதிரிதான்" என்றார் டாக்டர். கண் 'ஓடுகிறோம்' என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. மூளை யார் பேச்சைக் கேட்பது? பஸ்ஸில் புத்தகம் படித்தால் இதுவே தலைகீழாக நடக்கிறது. காது 'போகிறோம்' என்கிறது, கண் 'இல்லை' என்கிறது.

அப்புறம் அவன் வீட்டுக்குப் போய் எப்படி ஆடுகிறான் என்று பார்த்தேன். பயிற்சிக்கு 'க்வேக் 3' போட்டிருந்தான். பெரிய ஆட்டக்காரர்கள் வைப்பது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கோணத்தை 120 என்று வைத்திருந்தான். மானிட்டர் கிடையாது, 14 அங்குல லேப்டாப், 45 செ.மீ. தூரம். அம்மாவும் தங்கையும் தூங்குவதால் விளக்கை அணைத்துவிட்டு ஆடுவான்.

டேப் எடுத்தோம். கண்ணுக்கு விழும் ஜன்னல் 38 டிகிரி. அதற்குள் 120 டிகிரி. தட்டைத் திரையில் கோணம் விரிய விரிய ஓரம் இழுபடும். எவ்வளவு என்றால், ஓரத்துக் கோணத்தின் காஸை வர்க்கப்படுத்தி 1-ஐ அதனால் வகுத்தால் வரும் மடங்கு. 120 வைத்தால் நடுவிலிருந்து ஓரம் 60 டிகிரி. காஸ் 60 அரை, அதன் வர்க்கம் கால். ஆகவே ஓரத்தில் இருக்கும் பொருள் நடுவில் இருப்பதைப் போல் நாலு மடங்கு இழுபட்டுத் தெரியும். எலியை லேசாகத் திருப்பினாலும் ஓரத்துச் சுவர்கள் நாலு மடங்கு வேகத்தில் பறக்கும். இருட்டு அறையில் கண்ணுக்கு வேறு பிடிமானம் இல்லை. தலை சுற்றாமல் என்ன செய்யும்?

கன்சோலைத் திறந்து 100 என்று தட்டினேன். இழுப்பு நாலிலிருந்து இரண்டரைக்கு வந்தது. ஒரு சின்ன பல்பைச் சுவரைப் பார்த்துப் போட்டோம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும் என்று ஒப்பந்தம். முதல் நாள் நாற்பது நிமிஷம் ஆடினான். "லேசா இருக்குடா, ஆனா வாந்தி இல்ல" என்றான். பத்து நாளில் டீமுக்குத் திரும்பினான்.

எல்லாருக்கும் 100 சரிப்படும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அகலமான கோணம் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குக் குறுகலான கோணம் ஒத்துக்கொள்ளாது. ஆள் ஆளுக்கு மாறும். ஆனால் அவனிடம் இருந்த குறை என்று அவன் நினைத்தது, அளந்து பார்த்ததும் செட்டிங்கில் இருந்த ஒரு எண்ணாக மாறியது. அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. இரண்டு மாதம் அவன் தூக்கத்தைக் கெடுத்தது அந்த எண்தான்.

இந்தக் கதையை எதிர் வீட்டு மாமாவிடம் சொன்னேன். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஜயந்தா, அஜேயா, பீஷ்மா என்று நம்ம ஊரில் உருவான டாங்குகளையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அவர் சொன்னார்: "டேங்க்ல மேல்மூடியை மூடிட்டா டிரைவருக்கு உலகமே பெரிஸ்கோப்ல தெரியுற ஒரு கீத்துதான்டா. புதுசா உட்கார்றவன் தடுமாறுவான். அவனை நாங்க கண்ணு தெரியாதவன்னு சொல்ல மாட்டோம். கீத்து எவ்ளோ காட்டும், எது தெரியாதுன்னு முதல்ல சொல்லிக் குடுப்போம்." இதை அப்படியே பட்டாபிராமிடம் சொன்னேன். சிரித்தான். வீட்டிலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். லோகோ பைலட் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். ரயிலில் இப்போது அவன் கையில் பொது அறிவுப் புத்தகம்.

நீங்கள் செய்ய வேண்டியது

தோழர்களே, கடைசியாக நடைமுறை விஷயம். கட் பண்ணி வைத்துக்கொள்ளலாம்.

1. கம்ப்யூட்டரில் எந்த கேம் போட்டாலும் முதலில் மானிட்டரின் சொந்த அளவை வையுங்கள். வட்டமான ஒரு பொருளைத் திரையில் பாருங்கள். முட்டை மாதிரி தெரிந்தால் படம் இழுபட்டிருக்கிறது. இதில் ஒரு விதிவிலக்கு: 1993-ல் வந்த 'டூம்' மாதிரிப் பழைய கேம்கள் 320-க்கு 200 புள்ளிகளில் வரைந்தவை. பழைய 4:3 மானிட்டரில் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தை விட 1.2 மடங்கு உயரமாக விழும். அவற்றை 4:3-ல் பார்த்தால்தான் ஆள் சரியாகத் தெரிவான்.

2. 4:3-ல் 90 டிகிரி பழகியவர்கள் 16:9-க்கு மாறினால், கேம் தானாகச் சேர்க்கிறதா, வெட்டுகிறதா என்று ஒரே சுவர் முன்னால் நின்று சோதியுங்கள். வெட்டினால், மாற்ற அனுமதி இருந்தால், 106 வையுங்கள். 16:10 லேப்டாப் என்றால் 100. பழைய 5:4 மானிட்டர் என்றால் 86.

3. தலை சுற்றினால் வெட்கப்படாதீர்கள், வீராப்புக்கு ஆடாதீர்கள். விளக்கைப் போடுங்கள், எழுந்து நடங்கள், கோணத்தை ஐந்து ஐந்தாக மாற்றிப் பாருங்கள். கேம் ஆடாதபோதும் சுற்றினால் டாக்டரிடம் போங்கள்.

4. போட்டி நடத்தினால் எல்லாருக்கும் ஒரே கோணம் வையுங்கள். 'க்வேக் 3' சர்வரில் எல்லாரையும் 90-ல் பூட்டும் வசதியே உண்டு. அது இல்லாத கேமில் கருப்புப் பட்டை இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது. செல்போனில் ஐபேட் வியூ கொடுக்கிறேன் என்று வரும் திருட்டுச் செயலிகளை நம்பாதீர்கள். ஐடி போய்விடும், ஆட்டத்தின் நியாயமும் போய்விடும்.

அடுத்த வருஷம் நாங்கள் இருக்க மாட்டோம். போட்டியை ஜூனியர்கள்தான் நடத்த வேண்டும். ஒருத்தன் மோசமாக ஆடினால் "உனக்குக் கண்ணு தெரியாதா?" என்று கேட்பதற்கு முன்னால் அவன் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். அவனுக்கு எவ்வளவு தெரிகிறது என்று அளந்து பாருங்கள். 3 மீட்டர் டேப் லேப் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. கேட்டால் தருவார்கள். எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுங்கள்!

மூன்றாமாண்டு, எலக்ட்ரானிக்ஸ்